விலையில்லா நூலகமும் நம் கடனும்

எங்கள் தமிழ்த்துறை வகுப்பறைக்கும் ஆங்கிலத்துறை வகுப்பறைக்கும் இடையே இருப்பது ஒற்றைச் சுவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் காலை, முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து ஓர் அயல்நாட்டுப் பெண்மணியின் குரல் கேட்டது. ஒரே சொல்லை அக்குரல் மும்முறை ஒலித்தது. மாணவர்கள் ஒருமித்துத் திருப்பிச் சொன்னார்கள். இடைவேளையில் ஆங்கிலத்துறை நண்பரைக் கண்டு, "விருந்துப் பேராசிரியர் எவரேனும் வந்திருக்கிறார்களா?" என்று வினவினேன். அவர் முறுவலித்தவாறே தம் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கம் அது. சொல்லுக்கு அருகிலுள்ள குறியைத் தொட்டால் பிரித்தானிய ஒலிப்பும் அமெரிக்க ஒலிப்பும் தனித்தனியே கேட்கின்றன. நண்பர் அத்துடன் நிற்கவில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் தளத்தில் பாடக் குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் வகுப்பு வாரியாகக் கிடைப்பதைக் காட்டினார். பி.பி.சி. நிறுவனத்தின் ஆங்கிலப் பாடங்களை ஒலிக்கச் செய்தார். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்ற இளைஞர் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருப்பதையும் எடுத்துரைத்தார். இறுதியில், "இவ்வளவுக்கும் காலணா செலவில்லை, அம்மா. உங்கள் தமிழுக்கு இப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அறியும் ஆவலில்தான் கேட்டார். எனினும் அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதற்கு உரிய விடையை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன். அத்துடன் அவர் கேளாத மற்றொரு வினாவும் உண்டு. விலையின்றிப் பெற்றதற்கு நாம் என்ன திருப்பித் தருகிறோம் என்பதே அது.

சிதம்பரம் சென்று தேடிய நாள்கள்

2003ஆம் ஆண்டில் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றேன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலம் என்பது என் ஆய்வுப் பொருள். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்த புலவர், அரபு நாட்டைப் பாடும்போது தமிழ்க் காப்பிய மரபு வழுவாமல் மழையையும் ஆற்றையும் வயலையும் உழவரையும் பாடியிருக்கிறார். பாலை நிலத்திற்கு மருத வளம் வந்தது எங்ஙனம் என்பதே நான் ஆராய முற்பட்ட வினா.

கடலூர் முதுநகரிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் ஏறுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று வண்டி சிதம்பரம் சேரும். நூலகத்தில் அமர்ந்தால் மாலை வண்டிக்கு நேரம் ஆகும்வரை கையால் படியெடுப்பேன். மஃரிபுக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்பது வீட்டாரின் கட்டளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகளை நூலகத்திலேயே பார்க்க வேண்டும்; வெளியே எடுத்துச் செல்ல இயலாது. சங்க இலக்கியத்தில் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்றறிய, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சொல்லடைவை நாட வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு நாள் ஆகும். சில நாள் ரயில் தவறினால் அச்சொல்லும் தவறிவிடும்.

என் ஆய்வுக்கு உறுதுணையாக நின்றது வீட்டில் இருந்த ஒரு பழைய சீறாப்புராணப் பிரதி. பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த என் பாட்டனார் வாங்கிய நூல் அது. நான் ஆய்வில் சேர்ந்த செய்தி கேட்டு, வாப்பா அதனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பக்க ஓரங்களில் பாட்டனாரின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. சில அரபுச் சொற்களுக்கு அவர் எழுதியிருந்த விளக்கத்தை எந்த உரையிலும் நான் கண்டதில்லை. பரங்கிப்பேட்டைக்காரருக்குச் சீறாப்புராணம் வெறும் புத்தகம் அன்று. உமறுப் புலவரை வள்ளல் சீதக்காதிக்குப் பின் ஆதரித்தவர் அவ்வூர் அபுல்காசிம் மரைக்காயர் என்பதும், நூல் அரங்கேற அவரே துணை நின்றார் என்பதும் நம்மவர் வழிவழியாகப் போற்றும் மரபு.

ஆய்வேட்டைச் சிதம்பரத்தில் ஒரு கணினி மையத்தில் தட்டச்சு செய்தேன். அக்காலத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் எழுத்துரு. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், நம் மையங்களும் அச்சகங்களும் நெடுங்காலம் தத்தம் எழுத்துருக்களையே பற்றி நின்றன. நெகிழ்தட்டில் வாங்கி வந்த என் ஆய்வேடு இன்று எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. திறந்தாலும் தமிழாகத் தெரியாது.

தானே வீசிய வெள்ளிக்கிழமை

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்ததை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். எங்கள் வீட்டின் நாட்டு ஓடுகள் காகிதம்போல் பறந்தன. உயிர் தப்பியதே பெரும் பேறு என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, நண்பகலுக்குப் பின் அலமாரியைத் திறந்தேன். புத்தகங்கள் ஊறிக் கூழாகியிருந்தன. பாட்டனாரின் பிரதியைக் கையில் எடுத்தபோது தாள்கள் தனித்தனியாக வரவில்லை, கட்டியாக வந்தது. வாப்பா அதனை வாங்கிப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வெயிலில் உலர்த்தினோம். மை கரைந்து, எழுத்தும் குறிப்பும் ஒன்றாகிவிட்டிருந்தன.

ஏடுகள் அழிவதன் துயரைச் சிதம்பரம் நன்கறியும். தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி திறந்து பார்த்தபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்று சைவ மரபு கூறும். பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊரூராக அலைந்த உ.வே.சாமிநாத ஐயர் 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். பூட்டி வைத்தால் ஏடு காக்கப்படும் என்று எண்ணினோர்க்கும், தேடி எடுத்துப் பலர் கைக்குத் தந்தால்தான் காக்கப்படும் என்று எண்ணினோர்க்கும் இவ்வூர் ஒருசேரச் சான்றாக நிற்கிறது.

பெயர் தெரியாக் கைகள்

புயலுக்குப் பின் வந்த பருவத்தில் எனக்குச் சீறாப்புராணம் பாடமாக அமைந்தது. கையில் நூல் இல்லை. தயக்கத்துடன் இணையத்தில் தேடினேன். மதுரைத் திட்டத்தின் பக்கத்தில் உமறுப் புலவரின் பாடல்கள் கண்முன் விரிந்தன. அன்று எனக்கு உண்டான வியப்பை இன்றும் மறக்கவில்லை.

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக விளங்கிய முனைவர் கு.கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்தினார்கள். முதல் மின்னூலாகத் திருக்குறள் வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் பகலில் தத்தம் பணி பார்த்து, இரவில் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் சங்க நூல்கள் முதல் சிற்றிலக்கியங்கள்வரை நமக்குத் தந்தார்கள். ஊதியம் இல்லை.

அரசின் பங்கும் சிறிதன்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அறிஞர் வா.செ.குழந்தைசாமி அதனை வழிநடத்தினார். 2010 முதல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் தளத்தில் இலக்கண இலக்கியங்கள் உரைகளுடன் கிடைக்கின்றன. அதன் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்புகளையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடிய படிவத்தில் காணலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். சிதம்பரத்தில் ஒரு நாளை விழுங்கிய சொல், இன்று ஒரு நொடியில் விடை தருகிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப.பாண்டியராஜா, பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவு அமைத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைக் கடந்துவிட்டன.

இவற்றுள் என்னை மிகவும் நெகிழ்வித்தது ஈழத்தவரின் நூலகம் என்னும் முயற்சி. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். அத்துயரைச் சுமந்த மக்கள் 2005இல் மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள், மலையகத்தார் ஆகியோரின் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் சேர்த்து வருகின்றனர். நாம் இப்போது கையில் வைத்திருப்பது போன்ற மலர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஆங்கிலத்துறை நண்பர் காட்டியவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பொருளும் திட்டமும் கொண்டு எழுந்தவை. தமிழுக்கு வாய்த்தவற்றில் பெரும்பகுதி தனி மனிதர்களின் உறக்கத்தைக் கடன் வாங்கி எழுந்தவை. விலையில்லை என்பதற்கு எவரும் விலை கொடுக்கவில்லை என்பது பொருளன்று. நமக்காக வேறொருவர் கொடுத்துவிட்டார் என்பதே பொருள்.

மாணவி திருத்திய பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்குள் புகுந்தன. எங்கள் மாணவர் பலரின் வீட்டில் ஒரே கைப்பேசி. அதற்கு அண்ணனும் தங்கையும் முறை வைத்துக் காத்திருப்பார்கள். காணொளி ஓடாது. எனவே பாடல்களை எழுத்து வடிவில் அனுப்பிவிட்டு, குரல் பதிவாக விளக்கம் தருவேன்.

சீறாப்புராண நாட்டுப்படலத்துப் பாடல்கள் சிலவற்றை ஏதோ ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து அப்படியே அனுப்பினேன். மழையைக் குறிக்கும் 'மாரி' என்னும் சொல் அதில் வல்லின றகரத்துடன் 'மாறி' என்று இருந்தது. நான் அதனைச் சரிபார்க்கவில்லை. நிறம் மாறி, திசை மாறி என்றெல்லாம் பொருள் கூட்டி, ஐந்து நிமிடம் விளக்கமும் சொன்னேன். அப்பாடல் எழுதிய புலவரைப் பற்றிப் பட்டம் பெற்றவள் நான் என்பதை இங்கே நாணத்துடன் நினைவூட்டுகிறேன்.

அன்றிரவு பரங்கிப்பேட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மா, எங்கள் வீட்டில் பெரியவர் காலத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் சின்ன ரகரம்தான் போட்டிருக்கிறது. நான் தவறாகப் பார்க்கிறேனா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஒளிவருடிய பழைய பதிப்பைத் திறந்து பார்த்தேன். அவள் கண் தவறவில்லை; என் பாடம்தான் தவறியிருந்தது. மறுநாள் வகுப்பிலேயே திருத்தம் சொல்லி, திருத்தியவள் யார் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தை நடத்துவோருக்கும் எழுதினேன். அவர்கள் நன்றி கூறித் திருத்திக்கொண்டார்கள்.

அந்நிகழ்ச்சி எனக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. இணையத்தில் உள்ள எழுத்தை அச்சுப் பதிப்பின் படிவத்துடன் ஒப்பிடாமல் வகுப்புக்குக் கொண்டுபோகலாகாது என்பது ஒன்று. உலகம் முழுதும் தேடியும் எனக்குக் கிடைக்காத சான்று என் மாணவியின் வீட்டுப் பரணில் இருந்தது என்பது மற்றொன்று.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

அனுபவத்தில் கண்டு தேர்ந்தவற்றை இளம் ஆசிரியர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்லாராய்ச்சி. மழை, மாரி, பெயல், எழிலி, கொண்டல் ஆகிய சொற்களை மாணவர்க்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளித்து, சொல்லடைவில் தேடச் சொல்கிறேன். எச்சொல் எந்நூலில் எத்தனை இடத்தில் வருகிறது, மேகத்தைக் குறிக்கிறதா மழையைக் குறிக்கிறதா என்று அவர்களே கண்டு சொல்கிறார்கள். பின்னர் சீறாப்புராணத்துக்கு வந்தால், உமறுப் புலவர் எம்மரபில் நின்று பாடினார் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, எழுத்துப் பிழை நீக்கல். நீச்சல்காரன் என்னும் புனைபெயரில் இயங்கும் அன்பர் உருவாக்கிய நாவி என்ற சந்திப் பிழை திருத்தியும், வாணி என்ற எழுத்துப் பிழை திருத்தியும் இலவசமாகக் கிடைக்கின்றன. எத்திருத்தியும் சுட்டிக் காட்டுமே அன்றி முடிவு செய்யாது. நம் வீட்டு வழக்குச் சொற்களும் அரபு வழிப் பெயர்களும் பிழையெனக் காட்டப்படலாம். ஏன் மிகும், ஏன் மிகாது என்ற விதியை மாணவர் எழுதிக் காட்டிய பின்னரே திருத்தத்தை ஏற்பது என் வழக்கம்.

மூன்றாவது, எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் கட்டுரை எழுதித் தரும் உரையாடு எந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு மாணவர் கொண்டுவந்த கட்டுரையில் சீறாப்புராணப் பாடல் என்று நான்கு அடிகள் இருந்தன. ஓசை இருந்தது, எதுகையும் இருந்தது. ஆனால் 5027 பாடல்களிலும் அது இல்லை. அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "காண்டம், படலம், பாடல் எண் மூன்றையும் காட்டு, பிறகு மதிப்பெண் தருகிறேன்" என்றேன். மாலை வரை தேடிவிட்டு வந்து, "இல்லை, அம்மா" என்றார். தேடத் தெரிந்துகொண்டதற்கு உரிய மதிப்பெண்ணை அவருக்குத் தந்தேன்.

நான்காவது, உரிமை. இலவசம் வேறு, திருட்டு வேறு. பாரதியாரின் படைப்புகளுக்கு 1949இல் அரசு உரிமை பெற்று, பின்னர் அவற்றை மக்களுக்குப் பொதுவாக்கியது. அவ்வழியில் அறிஞர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. மற்றவர் நூல்களுக்கு அவர் மறைந்து அறுபது ஆண்டுகள்வரை உரிமை உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். வாழும் உரையாசிரியரின் நூலை எவரோ படமெடுத்துக் கைப்பேசிக் குழுவில் பரப்பினால், அதனை ஏற்பது அவர் வீட்டு உலையில் கைவைப்பதாகும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்

கிணறு வெட்டுவதும் மதரஸா கட்டுவதும் நம் சமுதாயத்தில் குறைவின்றி நடந்துவந்த அறங்கள். செய்தவர் மறைந்த பின்னும் நன்மை தொடரும் அறத்தை ஸதகத்துல் ஜாரியா என்கிறோம். பயன் தரும் கல்வியும் அவ்வகையில் அடங்கும் என்பதை மிம்பரிலிருந்து கேட்டே வளர்ந்தோம். 1842ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் சீறாப்புராணத்தை முதன்முதலில் அச்சேற்றியிராவிடில், இன்று இணையத்தில் ஏற்ற நம்மிடம் என்ன இருந்திருக்கும்? சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது அவர்கள் தலைமுறையின் கடன். அச்சிலிருந்து மின்வடிவுக்குக் கொண்டுசெல்வது நம் தலைமுறையின் கடன்.

கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் லால்பேட்டையிலும் உள்ள நம் வீடுகளில் மரப்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள், பழைய மாத இதழ்கள், அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் ஆகியன இருக்கக்கூடும். அரபுத்தமிழைத் தடையின்றி வாசிக்க வல்ல பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். அடுத்த புயல் எவரைக் கேட்டும் வருவதில்லை.

நூலை எவருக்கும் தந்துவிட வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பிற்பகல் மட்டும் பெட்டியைத் திறந்து தாருங்கள். எங்கள் மாணவர்கள் வந்து, நூலின் முதுகு முறியாமல் விரித்து, வெயில் நேரே படாத சாளர வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுப்பார்கள். முகப்புத் தாளில் உள்ள அச்சகப் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்வார்கள். ஓரக் குறிப்புகளையும் விடாமல் எடுப்பார்கள். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள்; நாளடைவில் அதன் பசையே தாளை அரித்துவிடும்.

மாணவர்களே, உங்களுக்கும் பணி உண்டு. விக்கிமூலம் என்னும் தளத்தில் பழைய நூல்களின் படம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் தோன்றும். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்திப் பதிய வேண்டும். ஒருவர் மெய்ப்புப் பார்த்ததை மற்றொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பக்கம் நிறைவு பெறும். என் வகுப்பில் ஆளுக்கு வாரம் ஒரு பக்கம் என்று தொடங்கினோம். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் எந்தப் பயிற்சி ஏட்டைக் காட்டிலும் அங்கே விரைவாகப் பிடிபடுகின்றன என்பதைக் கண்கூடாகக் கண்டேன். துறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இதுபோன்ற மலர்களை இனி யூனிகோடு எழுத்தில் அமைத்து, ஒரு படியை மின்னூலகத்துக்கும் அனுப்புவோம். என் ஆய்வேட்டுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேர வேண்டாம்.

'மாரி'யைத் திருத்திய மாணவி, ஊரடங்கு தளர்ந்ததும் தன் வீட்டுப் பெரியவரின் அனுமதியுடன் அந்நூலைத் துணியில் சுற்றித் துறைக்குக் கொண்டுவந்தாள். வாப்பா எனக்குக் கொண்டுவந்து தந்ததைப் போலவே இருந்தது. பக்க ஓரங்களில் அந்நூலிலும் குறிப்புகள் இருந்தன. இம்முறை ஒன்றையும் விடாமல் படமெடுத்து, மூன்று இடங்களில் சேமித்து வைத்தோம். வாப்பாவிடம் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். "நம் புத்தகம் மாதிரியே இருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் இது அவர் கையெழுத்து இல்லை" என்றார்.

மதுரைத் திட்டமும் மின்னூலகமும் எனக்கு உமறுப் புலவரைத் திருப்பித் தந்தன. என் பாட்டனார் ஓரத்தில் எழுதியதை எவராலும் திருப்பித் தர இயலாது. அந்தப் படி உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதும் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். வரும் ஐப்பசி மழைக்கு முன்னர் அதனைத் திறந்து பாருங்கள் என்று அன்புடன் வேண்டி அமைகிறேன்.